சந்தனம் வைத்த ஃபோர்கே மானிட்டர்

கடிதத்தின் வலது மேல் மூலையில் தேதி இருக்கிறது. நாளைப் படிக்க முடிகிறது. மாதம் பிரெஞ்சில் முழுதாக எழுதப்பட்டிருக்கிறது. ஆண்டின் முதல் மூன்று இலக்கங்களிலும் சந்தேகமில்லை. நான்காவது இலக்கம் ஒன்றாக இருக்கலாம், ஏழாகவும் இருக்கலாம். பிரெஞ்சுக் கையெழுத்தில் ஒன்றுக்கு நீண்ட மூக்கு உண்டு. பார்த்தால் நம் ஏழு போலவே இருக்கும். அதனால் அவர்கள் ஏழின் இடுப்பில் ஒரு குறுக்குக்கோடு இழுத்துவிடுவார்கள். கோடு இருந்தால் ஏழு, இல்லாவிட்டால் ஒன்று. கவர்னர் பெயரையும் சேர்த்து எழுதியிருந்தால் பழைய கவர்னர் பட்டியலைப் பார்த்து அரை மணி நேரத்தில் முடித்திருப்பேன். எழுதவில்லை.

என் நோட்டில் இருக்கும் குறிப்பு இது: "மாசி, இரண்டாம் செவ்வாய், காலை 9.40. கடிதத்தின் படம் கைப்பேசிக்கு வந்தது. அனுப்பியவர் மச்சான்."

புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில் உள்ள எங்கள் ஊர்ப் பள்ளிக்கு முதல் ஆசிரியரை நியமித்து பிரெஞ்சு நிர்வாகம் அனுப்பிய உத்தரவு அது. அந்த ஆசிரியரின் பேத்தி பாரிசுக்குப் பக்கத்தில் வசிக்கிறார். முன்னாள் மாணவர்கள் சேர்ந்து பள்ளிக்கு ஒரு நுழைவாயில் கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அவர்தான் படத்தை எங்கள் பள்ளி வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினார். நான் அந்தக் குழுவில் இல்லை. நுழைவாயிலில் பதிக்கும் கருங்கல்லில் பள்ளி தொடங்கிய ஆண்டு வர வேண்டும். எந்த ஆண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரும் பொறுப்பு என்னிடம் வந்தது.

ஏன் என்னிடம் என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. கல்வெட்டும் செப்பேடும் படித்துக்கொண்டு, முப்பது ஆண்டுகளாக இந்த ஊரில் அச்சாகும் எல்லாவற்றின் தேதிகளையும் திருத்தி வருபவன் நான். கோயில் நோட்டீசில் "தை முப்பத்திரண்டு" என்று அச்சிட்டவர்களை நான்கு தெரு தள்ளிப் போய்ப் பிடித்தேன். ஒருவருடைய கருமாதி பேனரில் இறந்த தேதி பிறந்த தேதிக்கு முன்னால் இருப்பதை, துக்க வீட்டில், சாப்பாட்டுப் பந்தியில் சுட்டிக்காட்டினேன். என் கல்யாணப் பத்திரிகையிலேயே பிறைக் கணக்கு தவறாக இருந்ததால் முந்நூறு பத்திரிகைகளிலும் பேனாவால் அடித்து எழுதினேன். என் மனைவி அதை இன்னும் மன்னிக்கவில்லை. ஆக, நான் ஒரே ஒரு முறை தப்பு செய்ய வேண்டும் என்று ஊரே காத்திருந்தது. அதுவும் கருங்கல்லில்.

விழாக்குழுச் செயலாளர் மனை வியாபாரி. கரிக்கலாம்பாக்கம் பக்கம் நெல் விளைந்த இடங்களுக்கெல்லாம் 'நகர்' என்று பெயர் வைத்தவர். அவருக்கு எல்லா அளவும் உத்தேசம்தான். வாரத்துக்கு இரண்டு முறை வந்து நிற்பார்.

"ணா, எம்.எல்.ஏ. டேட் குட்த்துட்டாரு, சித்திரையில. கல்லும் வந்துடுச்சி. மூணு நம்பரு வெட்டியாச்சி. உங்களாலதான் ஒரு நம்பரு நிக்குது."

"தெரிஞ்சாதான எழுத முடியும்?"

"எதையாச்சும் எழுதிக் குடுங்கணா. தப்பாப் பூட்டா உங்க பேரச் சொல்லிக்கிறோம்."

இதை அவர் ஆறுதலாகத்தான் சொன்னார்.

என்னிடம் இருந்தது பத்தொன்பது அங்குல மானிட்டர். அதில் கடிதத்தைப் பெரிதாக்கினால் அந்த இலக்கம் ஈரத்தில் ஊறிய குச்சி போல் தெரிந்தது. குறுக்குக்கோடு இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தான். என் மனைவியின் தம்பி. தமிழ்நாட்டுப் பக்கம் செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறான். எங்கள் வீட்டிலிருந்து அவன் கடைக்குப் போகும் வழியில் மாநிலம் மூன்று முறை மாறும். அவன் கருத்து ஒருமுறையும் மாறாது. எங்கள் பள்ளியில் படித்தவன் என்பதால் வாட்ஸ்அப் குழுவுக்கும் அவன்தான் அட்மின்.

"மாமா, உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு. மானிட்டருதான் கெழம். ஃபோர்கே வாங்குங்க. கடுதாசில பூச்சி முட்ட வச்சிருந்தாக்கூடத் தெரியும்."

ஃபோர்கே என்றால் குறுக்குவாட்டில் ஏறக்குறைய நாலாயிரம் புள்ளிகள். சரியாகச் சொன்னால் 3840. அதைத் திங்கட்கிழமை படித்துத் தெரிந்துகொண்டேன். செவ்வாய்க்கிழமை வில்லியனூர் கடைத்தெருவுக்குப் போனேன். அங்கே ஒரு பாய் மின்சாதனக் கடை வைத்திருக்கிறார். அவருடைய அப்பா காலத்தில் ரேடியோ விற்ற கடை.

"இன்னா வேலைக்கு சார் மானிட்டரு?" என்றார் பாய்.

"ஒரு நம்பரு படிக்க."

"கணக்கு வேலையா?"

"இல்ல பாய். ஒரே ஒரு நம்பரு. அதுலயும் கடைசி இலக்கம் மட்டும்."

பாய் கடை வாசலைக் காட்டினார். "மூக்குக்கண்ணாடிக் கட எதிர்லயே இருக்கு சார்," என்றார்.

பிறகு எல்லோருக்கும் தெரிந்த ஒரு கம்பெனியின் இருபத்தேழு அங்குல மானிட்டரைக் காட்டினார். விலையைக் கேட்டதும், யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும், பாய்க்கும் தெரியும்.

மச்சானிடம் சொன்னதும் கைப்பேசியை எடுத்தான். "பேருக்குக் காசு குடுக்கிறீங்க மாமா. உள்ள இருக்கிற கண்ணாடி எல்லாம் ஒரே ஃபேக்டரி. ஸ்டிக்கருதான் வேற. இந்தாங்க, பாதி வெலைக்கு, அதே சைசு."

அந்த மானிட்டரின் பெயரில் ஐந்து ஆங்கில எழுத்துகள், ஐந்தும் மெய்யெழுத்து. எப்படி உச்சரிப்பது என்று இன்றுவரை தெரியாது. வாங்கியவர்களின் கருத்துகளை முழுக்கப் படித்தேன், நான் அப்படிப்பட்டவன். ஒருவர் எழுதியிருந்தார்: "நல்ல பொருள். இன்னும் பிரிக்கவில்லை." ஐந்து நட்சத்திரம். இன்னொருவர்: "கொண்டுவந்த தம்பி மரியாதையாகப் பேசினார்." ஐந்து நட்சத்திரம். மூன்றாமவர் தான் வாங்கிய செருப்பைப் பற்றி எழுதியிருந்தார். அளவு சிறிதாக இருந்ததாம். ஒரு நட்சத்திரம். பழைய செப்பேட்டில் ஒரு வரிக்கு நான்கு சான்று கேட்கிற நான், இந்தச் சான்றுகளை வைத்துக்கொண்டு மானிட்டரை வாங்கினேன். காரணம் பாதி விலை. வேறு காரணம் எதுவும் நோட்டில் இல்லை.

பங்குனி, முதல் வெள்ளி, பகல் 11.15. பெட்டி வந்தது. பிரித்து மேசையில் நிறுத்திவிட்டு வயரைத் தேடுவதற்குள் என் மனைவி கிண்ணத்தோடு வந்துவிட்டாள். எங்கள் வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் முதலில் சந்தனம் குங்குமம். மிக்சிக்கு வைத்தாயிற்று, நீர்மூழ்கி மோட்டாருக்குக் கிணற்றில் இறக்கும் முன் வைத்தாயிற்று, எனக்கு ரத்த அழுத்தம் பார்க்கும் கருவிக்கும் வைத்தாயிற்று. மானிட்டருக்கு நான்கு மூலையிலும் நான்கு பொட்டு, தாங்கிக்கு ஒன்று, முதுகில் பட்டையாக ஒன்று. வெள்ளிக்கிழமை என்பதால் தாராளமாகவே வைத்தாள். கற்பூரம் காட்டினாள். எலுமிச்சம்பழத்தைச் சுற்றித் தாங்கிக்கு அடியில் வைத்தாள். அது உருண்டு போகாமல் இருக்கக் கொஞ்சம் கூடுதல் சந்தனம்.

மானிட்டர் ஒளிர்ந்தது. அதனுடன் வந்த படத்தில் கடலுக்கடியில் மீன்கள் நீந்தின. வீராம்பட்டினத்தில் எந்த வலையிலும் விழாத நிறத்து மீன்கள். மச்சான் கையைக் கட்டிக்கொண்டு நின்றான், மீன்களை அவனே வளர்த்தது போல. பிறகு கடிதத்தைத் திறந்தேன். ஊறிய குச்சி பெரிய ஊறிய குச்சியாகத் தெரிந்தது.

"செட்டிங் மாமா," என்றான். செட்டிங்கில் ஒரு மணி நேரம் போனது. குச்சி நீலமானது, மஞ்சளானது, ஒருமுறை தலைகீழாகவும் நின்றது.

என்னிடம் தபால்தலை பார்க்கும் லென்ஸ் இருக்கிறது. வெள்ளைத் திரையில் அதை வைத்துப் பார்த்தால் சிவப்பு, பச்சை, நீலம் என்று சிறு கட்டங்கள் தெரியும். மூன்றும் சேர்ந்தால் ஒரு புள்ளி. திரையின் அகலம் அறுபது சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 3840 புள்ளிகள் அதில் இருந்தால் ஒரு சென்டிமீட்டருக்கு அறுபத்து நான்கு வர வேண்டும். அளவுகோலை ஒட்டவைத்து எண்ணினேன். முப்பத்திரண்டு. வேறு இடத்தில் எண்ணினேன். முப்பத்திரண்டு. மச்சானை எண்ணச் சொன்னேன். பதினெட்டில் கண்ணீர் வந்து விட்டுவிட்டான்.

அதாவது பாதி விலைக்கு, வரிக்குப் பாதிப் புள்ளிகள். ஒருவகையில் நேர்மையான வியாபாரம்தான். பெட்டியை எடுத்துப் படித்தேன். ஃபோர்கே என்று கொட்டை எழுத்து. அதன் கீழே, எறும்பு எழுத்தில், 'சப்போர்ட்' என்று இருந்தது.

"அப்ப அவன் பொய் சொல்லல மாமா. சப்போர்ட்டுன்னுதான போட்டிருக்கான். ஃபோர்கே வந்தா வாங்கிக்கும்."

"வாங்கிக்கினு?"

"தன்னால முடிஞ்ச அளவுக்குக் காட்டும்."

நானும்கூட உடற்பயிற்சியை சப்போர்ட் செய்பவன்தான். அதற்காக யாரும் என்னைப் பயில்வான் என்று விற்றதில்லை.

திருப்பி அனுப்ப ஏழு நாள் அவகாசம் இருந்தது. ஆறாம் நாள் அதை எடுத்துப்போக ஒருவர் வண்டியில் வந்தார். மானிட்டரைத் திருப்பித் திருப்பிக் கைப்பேசியில் படம் எடுத்தார். முதுகுப் பக்கம் வந்ததும் நிறுத்தினார்.

"இன்னா மேடம் இது?"

"பொட்டு," என்றாள் என் மனைவி.

"பொட்டு வச்சிட்டா பொருள் உங்களுதாயிடும் மேடம்."

"வைக்கலன்னா மட்டும் யாருது? காசு குடுத்தது நாங்கதான?"

"அது இல்ல. யூஸ் பண்ணதா ஆயிடும். ஆப்ல போட்டா தள்ளிடுவாங்க."

"சாமி கும்புட்டா யூஸ் பண்ணதா? உங்க வண்டில முன்னாடி மால தொங்குது. அப்ப வண்டியத் திரும்ப எடுக்க மாட்டானா?"

அவர் தன் வண்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். கைப்பேசியை நீட்டினார். பதில் ஆப்பிடம் இருந்தது. துடைத்துக் கொடுக்கிறோம் என்று ஈரத்துணியால் துடைத்தோம். வெளியே இருந்தது போயிற்று. காற்றுப் போகும் துளைகளுக்குள் சந்தனம் இறங்கிக் காய்ந்து, அளந்து பூசியது போல் நின்றது. பல்குத்தும் குச்சியால் நோண்டினேன். இன்னும் உள்ளே போனது. மறுநாள் தகவல் வந்தது: பொருளில் மஞ்சள் நிறக் கறையும் சிவப்புப் பொடியும் இருப்பதால் திரும்பப் பெற இயலாது.

"கறையா?" என்றாள் என் மனைவி. மதியச் சாப்பாட்டின்போது, "முப்பது வருசமா நோட்டீசு, பேனரு, பத்திரிகன்னு எல்லாத்துலயும் கற கண்டுபுடிச்சீங்க. இப்ப அவன் உங்க வூட்டுல கண்டுபுடிச்சிட்டான்," என்றாள்.

நான் முறையீடு எழுதினேன். மூன்று பத்தி, புள்ளிகளை எண்ணிய முறை, நாள், நேரம், லென்சின் அளவு எல்லாம் சேர்த்து. நான்கு நிமிடத்தில் பதில் வந்தது. அதே வாக்கியம்.

செயலாளர் வந்தார். "இன்னாணா, டிவி வாங்கினீங்களாமே?"

பங்குனி, மூன்றாம் திங்கள். மறுபடி வில்லியனூர். பாய் என்னைப் பார்த்ததும் முதலில் காட்டிய அதே மானிட்டரை மேசைமேல் வைத்தார். நான் சட்டைப்பையிலிருந்து லென்சையும் அளவுகோலையும் எடுத்துக் குனிந்தேன். மின்விசிறி வாங்க வந்த ஒரு குடும்பம் பின்னால் கூடிவிட்டது.

"சார் வைரம் பாக்கிறாரு," என்றார் பாய் அவர்களிடம். "பேசாதீங்க, எண்ணிக்க விட்டுடும்."

அறுபத்து நான்கு.

"பாய், ஒண்ணு கேக்கிறேன். இதுவும் அங்கேருந்துதான வருது? உள்ள இருக்கிற கண்ணாடி எல்லாம் ஒண்ணுதான்னு சொல்றாங்களே?"

"அங்கேருந்துதான் வருது. நான் இன்னா வில்லியனூர்லயா செய்யிறேன்? ஆனா இது கெட்டா இந்த மூஞ்சிய வந்து நீங்க திட்டலாம். போன்ல வாங்கினா யாரத் திட்டுவீங்க?" பில்லை மடித்துக் கொடுத்தபடி சொன்னார்: "ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க. எல்லாம் சரியா இருந்தா அப்புறம் பொட்டு வைங்க. எல்லாருக்கும் சொல்றதுதான் சார். போன மாசம் ஒரு ஏசிய விபூதியோட எடுத்துக்கினு வந்தாங்க."

நான் அவரிடம் பொட்டைப் பற்றி எதுவும் சொல்லியிருக்கவில்லை.

வீட்டில் கிண்ணம் தயாராக இருந்தது. ஒரு வாரம் என்றதும் என் மனைவி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "சாமிக்கும் வாரண்டி பீரியடா?" என்றாள்.

கடிதத்தைத் திறந்தேன். இப்போது எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. துல்லியமாகத் தெரிந்தவை கட்டங்கள். கருப்பு, பழுப்பு, இளம்பழுப்பு என்று சின்னச் சின்னச் சதுரங்கள், தரையில் பதித்த கல் போல, ஒவ்வொன்றின் விளிம்பும் கத்தியால் வெட்டியது போல. அந்த இலக்கத்தை எண்ணினேன்: ஐந்து புள்ளி அகலம், எட்டுப் புள்ளி உயரம். அவ்வளவுதான் மொத்தமும். இடுப்பில் ஒரு சதுரம் பாதிப் பழுப்பாக இருந்தது. அது கோடாக இருக்கலாம், காகிதமாகவும் இருக்கலாம்.

அப்போதுதான் படத்தின் அளவைப் பார்த்தேன். அகலம் அறுநூறு புள்ளிகள். என் பழைய பத்தொன்பது அங்குலமே அதை முழுதாகக் காட்டி இடமும் மிச்சம் வைத்திருக்கும். படத்தில் இல்லாத கோட்டை எந்த மானிட்டரும் காட்டாது. படம் வந்த நாளையும் நிமிடத்தையும் எழுதிவைத்த நான், படம் எவ்வளவு பெரியது என்று பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் இரண்டு மானிட்டரும் தேவைப்பட்டிருக்காது. கிண்ணமும் வெளியே வந்திருக்காது.

மச்சானைக் கூப்பிட்டேன். "குரூப்ல வந்த படத்த அப்படியேதான அனுப்பின?"

"இல்ல மாமா. போன்ல எடம் இல்ல. ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பிச்சேன். பெரிய படத்தயெல்லாம் குரூப்லேருந்து நாந்தான் அழிச்சிட்டேன். எல்லாருக்கும் போன் ரொம்பிடுதுன்னு சொன்னாங்க." பிறகு, "ஏன், தெரியலையா?" என்றான்.

அன்றே, படத்தை அனுப்பிய பாரிசு அம்மாளுக்கு எழுதினேன். மறுநாள் குரலில் பதில் வந்தது. "மிசே, படம் என் தம்பி எடுத்தது. இப்ப அவன்கிட்டயும் இல்லயாம், போன மாத்திட்டான். கடுதாசி அவன் வூட்டுல, ஃபிரேம் போட்டு சுவத்துல மாட்டி இருக்கு. தூரம். வாக்கான்ஸ்ல போவேன், அப்ப நானே எடுத்து அனுப்பறேன்." மிசே என்றால் ஐயா; வாக்கான்ஸ் என்பது அவர்களுடைய கோடை விடுமுறை. நம் கணக்கில் ஆடி. எம்.எல்.ஏ. கொடுத்தது சித்திரை.

பங்குனிக் கடைசி வெள்ளி செயலாளரிடம் காகிதத்தைக் கொடுத்தேன். "ஒன்று அல்லது ஏழு. உறுதி செய்யப்படவில்லை." நாள், கையெழுத்து. அதைப் படித்த நேரத்தில் அவர் ஒரு மனையை விற்றிருப்பார்.

"இதக் கல்லுல எப்படிணா வெட்றது?"

"வெட்டாதீங்க. ஆண்டு இல்லாம வைங்க."

"மூணு நம்பரு வெட்டியாச்சே." தாடையைச் சொறிந்தார். "அவங்க ஒண்ணு எப்படிப் போடுவாங்கன்னு சொன்னீங்க?"

மேசையில் இருந்த தாளில் வரைந்து காட்டினேன்: நீண்ட மூக்கு வைத்த ஒன்று. அதையே இரண்டாவது முறை வரைந்து, இடுப்பில் கோடு போட்டேன்: ஏழு.

அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப வேல முடிஞ்சிச்சி. மூக்கு வச்ச ஒண்ணு வெட்டிடலாம். ஆடில ஏழுன்னு வந்தா ஆளக் கூப்ட்டு ஒரு கோடு இழுத்துடலாம். ஒண்ண ஏழாக்கலாம்ணா. ஏழு வெட்டிட்டாத்தான் கஷ்டம்."

முப்பது ஆண்டு வாசிப்பில் எனக்குத் தோன்றாதது, உத்தேசமாக அளக்கிற மனிதருக்கு ஒரு நிமிடத்தில் தோன்றியது. மறுக்க ஒரு காரணம் தேடினேன். கிடைக்கவில்லை.

சித்திரையில் விழா நடந்தது. ஒன்று என்றால் பள்ளியின் நூற்றாண்டு கடந்துவிட்டது. ஏழு என்றால் இன்னும் வரவில்லை. எம்.எல்.ஏ. நூற்றாண்டு என்றே பேசினார். பேச்சு முடிந்ததும் கல்லுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். என் பக்கத்தில் நின்ற மனைவி, "பொட்டு வச்சாச்சி. இனிமே ரிட்டன் கிடையாது," என்றாள்.

மலிவு மானிட்டரை மச்சான் தன் கடைக்கு எடுத்துப்போய்விட்டான். கிரிக்கெட் அதில் நன்றாகத் தெரிகிறதாம். வெயில் நாளில் உள்ளே சூடேறினால் கடை முழுக்கச் சந்தன வாசனை வருகிறது என்று வாடிக்கையாளர்கள் பாராட்டுவதாகச் சொல்கிறான்.

ஆடி, மூன்றாம் ஞாயிறு, மாலை 4.05. பாரிசு அம்மாள் சொன்ன சொல் தவறாமல் தம்பி வீட்டுக்குப் போய்ப் படம் எடுத்து, நான் கேட்டபடியே சுருக்காமல் அனுப்பிவைத்தார். அருமையான படம். வாரண்டி வாரம் கழிந்து இப்போது முறையாகப் பொட்டு வைக்கப்பட்டிருக்கும் அறுபத்து நான்கு புள்ளி மானிட்டரில் அதைத் திறந்தேன். காகிதத்தின் நார் தெரிகிறது. மையின் விளிம்பு தெரிகிறது. ஃபிரேம் கண்ணாடியில் அந்த அம்மாளின் கைப்பேசியும், அவர் விரலில் இருக்கும் மோதிரமும், பின்னால் ஜன்னலும் தெரிகின்றன. கைப்பேசியின் பிளாஷ் கண்ணாடியில் பட்டு வலது மேல் மூலையில் வெள்ளையாக விழுந்திருக்கிறது. முதல் மூன்று இலக்கங்கள் அந்த வெளிச்சத்துக்கு வெளியே இருக்கின்றன.

மறுபடி எழுதினேன். தன் வீட்டுக்குத் திரும்பிவிட்டாராம்; அடுத்த வாக்கான்சில் ஃபிரேமைக் கழற்றியே எடுத்து அனுப்புவதாகச் சொன்னார். செயலாளரிடமும் சொன்னேன். கோடு இழுக்கும் ஆளின் எண்ணை அவர் அழிக்காமல் வைத்திருக்கிறார்.

நோட்டில் அன்றைய குறிப்பு: "பள்ளி தொடங்கிய ஆண்டின் கடைசி இலக்கம், ஒன்று அல்லது ஏழு. கல்லில் ஒன்று. மூலக் கடிதத்தை நான் பார்த்ததில்லை. இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை."